வெள்ளெலும்பு வீட்டு மருமகள்

மருமகளாக வந்து இறங்கிய அன்று உம்சினின் முகத்தை மாமியார் பார்க்கவில்லை. காலில் கிடந்த பூட்ஸைத்தான் பார்த்தாள். புதுத் தோல், சிவப்பு நூல் தையல். உம்சினின் அப்பா பைசால், சந்தையில் அரை நாள் பேரம் பேசி வாங்கியது.

"கறுப்பெலும்புக்கு எதைப் போட்டாலும் காலு காலாத்தான் இருக்கும்" என்றாள் மாமியார் ஸிலிகா, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படியாக. அவர்கள் சிரித்தார்கள். உம்சின் வழக்கப்படி மூன்று முறை குனிந்து வணங்கினாள். மூன்றாவது முறை குனிந்தபோது மாமியாரின் பூட்ஸும் அவள் கண்ணில் பட்டது. குதிகால் தேய்ந்து போய், மரத்துண்டு ஒன்றை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

அந்தப் புல்வெளியில் மனிதர்கள் இரண்டே வகை. செங்கிஸ்கானின் வழியில் வந்த சுல்தான் குடும்பங்கள் வெள்ளெலும்பு. மற்றவர்கள் அத்தனை பேரும், ஆயிரம் குதிரை வைத்திருந்தாலும், கறுப்பெலும்பு. வெள்ளெலும்பு எதிரே வந்தால் கறுப்பெலும்பு குதிரையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'தக்சிர்' என்று மட்டும் சொல்லலாம். பிரபு என்று அர்த்தம். வெள்ளெலும்புப் பெண்ணை வெளியே கொடுப்பதில்லை. கறுப்பெலும்புப் பெண்ணை எடுப்பதும் அபூர்வம். எடுத்தால், அந்த வீட்டில் ஏதோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸிலிகாவின் வீட்டில் விழுந்த ஓட்டை பெரியது. அடுத்தடுத்து இரண்டு குளிர்காலம் புல்லின் மேல் பனி உருகி மறுபடி உறைந்து கல்லாக இறுகிவிட்டது. குளம்பால் உடைத்துத் தின்ன முடியாமல் மந்தைகள் நின்ற இடத்திலேயே செத்தன. பைசால் காற்றின் வாடையை மோந்து பார்த்துவிட்டு முன்கூட்டியே தன் மந்தையைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சுல்தான் வீட்டில் மூத்த மகன் செயித்கெரி, "கண்டவன் ஓடுறான்னு நாமளும் ஓடுனா நம்ம கௌரவம் என்ன ஆகுறது?" என்று கேட்டான். கௌரவம் பிழைத்தது. அறுநூறு குதிரையில் முப்பத்தொன்று பிழைத்தது.

ஆகவே இளையவன் ஜாங்காலிக்குப் பைசாலின் மகளைக் கேட்டு ஆள் வந்தது. வழக்கப்படி மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குக் குதிரை கொடுக்க வேண்டும். இங்கே மாப்பிள்ளை வீடு ஒரு பழைய வெல்வெட் அங்கியைக் கொடுத்தது. பெண் வீடு இருநூறு குதிரையையும் ஒரு புதுக் கூடாரத்தையும் சீதனமாகக் கொடுத்தது. பைசாலுக்குத் தலைகால் புரியவில்லை.

"என் பேரன் குதிரைல போனா ஊரே இறங்கி நிக்கும்டீ!"

"நீங்களும் இறங்கி நிக்கணும்ப்பா. உங்க பேரனுக்கு."

"நிக்கிறேன். அதுல என்ன வந்துச்சு?"

உம்சின் அப்பாவைப் பார்த்தாள். தன்னந்தனியாக ஓநாய்க் கூட்டத்தை விரட்டிய மனிதர். கண் கலங்கி, பல் தெரிய இளித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் மேல் அவளுக்கு இளக்காரம் வந்தது. அதற்காகத் தன் மேலும் கோபம் வந்தது.

புகுந்த வீட்டில் ராஜாங்கத்துக்கு மிச்சம் என்று மூன்று பேர் இருந்தார்கள். ஸிலிகா, உம்சின் மந்தையில் பால் கறந்துவிட்டு உள்ளே வந்தால், கிராம்பு முடிந்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வாள். அந்தப் பாலைக் குடிக்கும்போது மட்டும் கைக்குட்டை மடிக்குப் போய்விடும். செயித்கெரி ஐந்து திண்டுகளுக்கு நடுவே சாய்ந்தபடி, செங்கிஸ்கானிலிருந்து தன் வரைக்கும் பதினெட்டுத் தலைமுறையைத் தப்பில்லாமல் ஒப்பிப்பான். எழுந்து போய்க் கதவுத் திரையை இழுத்துவிடச் சொன்னால் அதற்கு ஆள் கூப்பிடுவான். கணவன் ஜாங்காலி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். ருஷ்ய வியாபாரியிடம் வாங்கிய கைக்கண்ணாடி ஒன்றில் மீசையை முறுக்கிப் பார்ப்பதில் அவனுடைய காலைப்பொழுது கழியும், மீசை மறுபடி தொங்கிவிட்டதா என்று பார்ப்பதில் மாலைப்பொழுது.

ஆடு வெட்டினால் எந்த எலும்பு யாருக்கு என்று முறை இருக்கிறது. தலை மூத்தவருக்கு, இடுப்பெலும்பு விருந்தாளிக்கு, நெஞ்சுக்கறி மருமகளுக்கு. உம்சினின் தட்டில் கழுத்தெலும்பு விழுந்தது. மேய்ப்பவர்களுக்குப் போடும் எலும்பு அது. முதல் நாள் கவனக்குறைவு என்று நினைத்தாள். பத்தாவது நாள் புரிந்துகொண்டாள். கழுத்தெலும்பில் கறி குறைவு, ஆனால் கடித்து எடுக்கத் தெரிந்தவளுக்கு ருசி அதிகம். அவள் சத்தம் வர உறிஞ்சித் தின்றாள்.

அந்த மக்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மருமகள், கணவன் வீட்டு ஆட்கள் யாருடைய பெயரையும் வாயால் சொல்லக் கூடாது. அவளாக ஒரு மரியாதைப் பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும். உம்சின் ஒரு மாதம் யோசித்து வைத்தாள். மாமியார், கிராம்பு அத்தை. மூத்தவன், திண்டு மூத்தார். கணவன், கண்ணாடித் துரை.

"திண்டா? இதென்ன பேரு?" என்றாள் ஸிலிகா.

"உசந்த திண்டுல உக்கார தகுதி உள்ளவரு இங்க அவரு ஒருத்தர்தானே அத்தை. அதான்."

செயித்கெரிக்கு அது பிடித்துப் போய்விட்டது. தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டான். ஒரே கோடையில் அந்தப் பெயர்கள் கேலிப் பெயர்களாக மந்தை மேய்க்கிறவர்கள், வெண்ணெய் கடைகிறவர்கள் வாயெல்லாம் பரவிவிட்டன. அந்தக் கேலி சுல்தான்கள் காது வரைக்கும் மட்டும் போகவில்லை. அவர்களுக்கு அருகே யாரும் சத்தமாகப் பேசுவதில்லையே.

இரண்டாம் வருஷம் இலையுதிர் காலத்தில் மகளைப் பார்க்க பைசால் வந்தார். புது அங்கி, நரித்தோல் தொப்பி, சேணத்தில் கட்டித் தொங்கும் இரண்டு பை உலர்ந்த பழம். முறைப்படி தொலைவிலேயே இறங்கி, குதிரை கட்டும் கல்லருகே நின்றார். காற்று பேய்போல் வீசிக்கொண்டிருந்தது.

உம்சின் மாமியாரிடம் ஓடினாள். "அத்தை, எங்கப்பா வந்திருக்காரு."

"நிக்கட்டும். உன் மூத்தார் தூங்குறாரு."

காலையில் வந்தவரைப் பொழுது சாயும்போது உள்ளே கூப்பிட்டார்கள். சம்பந்திக்கு உரிய மேலிடம் காலியாகக் கிடந்தது. அவரைக் கதவு ஓரத்தில், சேணங்கள் குவித்திருந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். கழுத்தெலும்பு வந்தது. பைசால் அதை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. "தக்சிர் வீட்டு உப்பைத் தின்னுட்டேன்" என்றார். உம்சின் தேநீர் ஊற்றும்போது அவர் காதருகே குனிந்து, "எந்திரிச்சுப் போயிடுங்கப்பா" என்றாள்.

"சும்மா இருடீ. எவ்வளவு பெரிய எடம்."

அந்தக் குளிர்காலமே பைசால் நெஞ்சுச்சளி கண்டு இறந்துபோனார். அண்ணன் தொலெகென் ஆள் அனுப்பினான். அப்பாவுக்கு ஒப்பாரி சொல்வது மகளின் உரிமை, மகளின் கடமை. ஸிலிகா விடவில்லை.

"வெள்ளெலும்பு வீட்டு மருமக, கறுப்பெலும்புக் கூடாரத்துல போய் மார்ல அடிச்சிக்கிட்டு அழுவாளா? நாங்க மரியாதை அனுப்புறோம்." அனுப்பினார்கள். ஜாங்காலியின் குதிரைச் சாட்டையை ஒரு வேலையாள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சுல்தானே வந்ததற்குச் சமமாம். வெள்ளிப் பூண் போட்ட சாட்டைகூட இல்லை, சாதாரணச் சாட்டை. வெள்ளிப்பூண் சாட்டை திரும்பி வருமோ வராதோ என்று பயந்திருப்பார்கள்.

ஜாங்காலி கூடாரத்து ஓரத்தில் நின்றுகொண்டு, "அம்மா சொன்னா நான் என்ன பண்றது?" என்றான்.

"ஒண்ணும் பண்ண வேணாம். அதுதான் உங்களுக்கு நல்லா வருமே" என்றாள் உம்சின்.

மறு வருஷம் ருஷ்ய அரசுக் கச்சேரியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. இனிமேல் வட்டாரத்துக்குத் தலைவர் பிறப்பால் கிடையாது, தேர்தல். ஐம்பது குடும்பத்துக்கு ஒருவர் வீதம் வந்து பெட்டியில் ஓட்டு உருண்டை போட வேண்டும். யார் வேண்டுமானாலும் நிற்கலாம். 'யார் வேண்டுமானாலும்' என்ற இடத்தை செயித்கெரி மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். வீட்டின் சார்பில் ஜாங்காலியை நிறுத்துவதென்று முடிவாயிற்று. தேயிலையும் சோப்பும் விற்கும் இசாபெக் என்கிற கறுப்பெலும்பு வியாபாரி எதிர்த்து நிற்கப்போகிறான் என்று கேட்டதும் ஸிலிகா சிரித்தாள். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று உம்சின் வாயிலிருந்து கேட்டபிறகு சிரிப்பு நின்றது. தொலெகெனின் கூட்டத்தில் ஒன்பது உருண்டை இருந்தது. அந்த ஒன்பதும் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் பதவி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உம்சினின் தட்டில் நெஞ்சுக்கறி விழுந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"எங்க வீட்டுப் பொண்ணு நீ" என்றாள் ஸிலிகா. கைக்குட்டை மடியில் இருந்தது. "உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

உம்சின் நெஞ்சுக்கறியைத் தொடவில்லை. "சொல்றேன் அத்தை. அடுத்த வாரம் எங்கப்பாவுக்கு வருஷ விருந்து. நீங்க மூணு பேரும் வரணும். சாட்டை இல்ல, நீங்க. எல்லா உறவுக்காரங்களும் வர்ற மாதிரி, தூரத்துலருந்தே குதிரைய விரட்டிக்கிட்டு, 'ஐயோ என் ரத்தமே'ன்னு அழுதுக்கிட்டு வரணும். வந்தா நானே எங்கண்ணன்கிட்ட கேக்குறேன்."

செயித்கெரி திண்டிலிருந்து நிமிர்ந்தே விட்டான். "பதினெட்டுத் தலைமுறைல எங்க ஆளு எவனும்..."

"நீ பேசாம படு" என்றாள் ஸிலிகா. "வர்றோம்."

உம்சின் அதை வஞ்சகமாகக் கேட்கவில்லை. வந்து அழுதால் போதும் என்றுதான் நினைத்தாள். அழுதால், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் நினைத்திருந்தாள்.

விருந்துக்குப் போகும் வழியில் ஸிலிகா வண்டியில் உட்கார்ந்து முகத்துக்கு மாவு பூசிக்கொண்டாள். தொலைவில் துக்கக் கொடி தெரிந்ததும் உம்சின் பக்கம் திரும்பினாள்.

"ஏய், அந்த ஆளு பேரு என்ன?"

"எந்த ஆளு?"

"உங்கப்பன்தான். பேரு சொல்லி அழ வேணாமா?"

"பைசால்" என்றாள் உம்சின். ஸிலிகா இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் அழுதாள். அப்படி ஓர் அழுகை! வண்டியிலிருந்து இறங்கும் முன்பே தொடங்கிவிட்டாள். "பைசாலே, என் தங்கமே, மலையே சாஞ்சுதே!" என்று அவள் குரல் எடுத்ததும் கூடி நின்ற முந்நூறு பேரும் சிலிர்த்துப் போனார்கள். ஜாங்காலி குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, "ஐயோ என் ரத்தமே!" என்றான். செயித்கெரி குதிரைமேல் ஆடி ஆடி வந்து எதையோ முனகினான், பதினெட்டுத் தலைமுறையில் பாதியாக இருக்கலாம்.

கறுப்பெலும்புக் கூட்டம் உருகிப்போய்விட்டது. ஒரு சுல்தான் வீடே நமக்காக அழுகிறதே! தொலெகென் ஓடிவந்து ஜாங்காலியின் குதிரைக் கடிவாளத்தைத் தானே பிடித்தான். துக்கம் கேட்க வந்தவனைத்தான் வீட்டுக்காரன் தாங்க வேண்டும் என்பதுபோல, ஜாங்காலியைக் கைத்தாங்கலாக இறக்கினான். மூவரையும் மேலிடத்தில் உட்கார வைத்தான். வேகவைத்த குதிரைத் தலையை செயித்கெரியின் முன்னால் வைத்தான். பிறகு தன் அப்பாவின் கூடாரத்தில், தன் அப்பாவின் விருந்தில், அவனே போய்க் கதவோரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

உம்சின் அவனை வெளியே கூப்பிட்டாள். "என்னண்ணே பண்றே?"

"தங்கச்சி, ஒன்பது உருண்டையும் துரைக்குத்தான். நீ கேக்கவே வேணாம்." அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்பா சொன்னது நெசந்தான். போன தடவை அங்க போயிட்டு வந்து, 'மேலிடத்துல உக்கார வெச்சாங்கடா, தலைக்கறி வெச்சாங்க, மூத்த சுல்தான் தன் கையால குதிரைப்பால் குமிஸ் ஊத்திக் குடுத்தாரு'ன்னாரு. ஊரு பூரா சொன்னாரு. சாகுற அன்னைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

காற்றில் நின்று சளி பிடித்த மனிதர், அதைத் தலைக்கறியாக மாற்றி ஊர் முழுக்கப் பரிமாறியிருக்கிறார். இவனும் வாங்கித் தின்றிருக்கிறான். இப்போது இவனும் கதவோரத்தில் உட்கார்ந்து, நாளைக்குத் தன் பிள்ளைகளிடம் மேலிடம் என்று சொல்லப்போகிறான்.

துக்கம் முடிந்ததற்கு அடையாளமாகக் கொடியின் கம்பை முறிக்கும் முன்பு மகள் கடைசி ஒப்பாரி சொல்ல வேண்டும். மகள் சொல்லும்போது யாரும் எழுந்து போகக் கூடாது, யாரும் நிறுத்தக் கூடாது. அது அரசனான கானுக்கும் பொருந்தும். உம்சின் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குரலெடுத்தாள்.

*காத்தடிச்ச மேட்டுமேல கால்கடுக்க நின்னவரே,
காலையில வந்த உம்ம 'வா'ன்னும் சொல்லலியே,
தூங்கிக் கிடந்தாரு திண்டு மூத்தாரு,
தூக்கம் கலையுமுன்னு நின்னீரே எங்கப்பா!*

*இருநூறு குதிரை தந்து எம்மக வாழ்வான்னீரே,
இருந்ததோ உமக்கு எடம் சேணத்துக் குப்பையில,
கழுத்தெலும்பக் கையேந்தி நெத்தியில ஒத்திக்கிட்டீர்,
தலைக்கறின்னு ஊருக்கெல்லாம் தந்தீரே எங்கப்பா!*

*செத்தீருன்னு சேதி வந்தா சாட்டை வந்து அழுதுச்சு,
கண்ணாடித் துரை எனக்குக் கண்ணீரும் காட்டலியே,
கிராம்பு மணக்க வந்து கதறுறாக அத்தை இன்னிக்கு,
பேரு கேட்டுக்கிட்டாக வர்ற வழி வண்டியில!*

முதலில் பெண்கள் பக்கத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. 'திண்டு மூத்தார்' என்ற இடத்தில் கிழட்டு மேய்ப்பர் ஒருவர் தும்முவதுபோல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஸிலிகாவின் மாவு பூசிய முகத்தில் அழுத தடம் இரண்டு கோடாக அப்படியே இருந்தது. செயித்கெரி குதிரைத் தலையிலிருந்து காதை அறுத்து வாயில் போட்டிருந்தான். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தான். ஜாங்காலி மீசையைத் தொட்டுப் பார்த்தான். உம்சின் இருபது கண்ணி சொன்னாள். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்தபோது தொலெகென் அவள் கையைப் பிடித்து இழுத்தான். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா மானத்த வாங்கிட்டியேடீ, பாவி!"

"அவரு மானம் அந்த வீட்டுக் கதவோரத்துல ஒரு வருஷமாக் கெடந்துச்சு. ஒருத்தரும் போய் எடுக்கல. நான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள். கையை உருவிக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கம் போய்த் தனியாக அழுதாள். ஒப்பாரியில் சேராத அழுகை அது.

பத்து நாள் கழித்து ருஷ்ய அதிகாரி பெட்டியைத் திறந்தார். ஒப்பாரியைக் கேட்டுப் போன தொலெகென் கூட்டத்தாரின் ஒன்பது உருண்டையில் ஒன்றுகூட ஜாங்காலி பக்கம் இல்லை. சோப்பு வியாபாரி இசாபெக் வட்டாரத் தலைவன் ஆனான். ஒரு மாதத்துக்குள் வெள்ளி பெல்ட் செய்துகொண்டான். இரண்டாம் மாதம், தன்னைக் கண்டு குதிரையை விட்டு இறங்காத ஒருவனைக் கட்டிவைத்து அடித்தான். கறுப்பெலும்பு மேலே போய் உட்கார்ந்தால் தானாக வெளுத்துவிடுகிறது என்று உம்சின் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை.

வீட்டில் ஸிலிகா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "தள்ளி வெச்சிடு அவள!" என்றாள்.

"தள்ளி வெச்சா, குதிரைங்க?" என்றான் ஜாங்காலி.

"குதிரைங்க இருக்கட்டும். அவ போகட்டும்" என்றான் செயித்கெரி.

"அப்படி முறை இல்லீங்க மூத்தாரே" என்றாள் உம்சின், தேநீர் ஊற்றிக்கொண்டே. "தள்ளி வெச்சா சீதனம் என்கூட வரும். இருநூறு இப்ப முந்நூத்தி நாப்பது. கூடாரமும் என்னது. நீங்க சாஞ்சிருக்கீங்களே, அதுல மூணு திண்டும் என்னது."

செயித்கெரி கையால் திண்டுகளைத் தடவி, எது எது என்று பார்த்தான்.

முடிவை அவளே எடுத்தாள். வசந்தத்தில் தன் கூடாரத்தைப் பிரித்து, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடித்தாள். மேய்ப்பவர்கள் யாரும் சொல்லாமலேயே மந்தையை அவள் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கம் வெள்ளைக் கம்பளிக் கூடாரம் ஒன்று, முப்பத்து சொச்சம் குதிரை, பதினெட்டுத் தலைமுறை. அப்பா வீட்டுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. தொலெகென் ஒரு தடவை வந்து கூப்பிட்டான். "அங்க வந்து யாருக்கு எழுந்து நிக்கணும்? இசாபெக்குக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

வருஷங்கள் போயின. குளிர்காலங்களில் காற்றை மோந்து பார்த்து மந்தையைத் தெற்கே ஓட்ட அவளுக்குத் தெரிந்திருந்தது. போகும் வழியில் சுல்தான் வீட்டு முப்பது குதிரையையும் சேர்த்தே ஓட்டினாள். அவள் அனுமதி கேட்டதில்லை, அவர்களும் நன்றி சொன்னதில்லை. ஜாங்காலி சாயங்காலமானால் ஓடையைத் தாண்டி வருவான், சாப்பிடுவான், சில நாள் தங்குவான். திரும்பும்போது அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வெண்ணெயும் கறியும் மூட்டை கட்டிக் கொடுப்பாள். கணவனை வெறுக்கும் அளவுக்கு அவனிடம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அவன் மூட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு தயங்கி நின்றான்.

"என்ன?"

"போன தடவை வெண்ணெய் கொஞ்சம் பழசுன்னு அம்மா சொன்னாங்க. உப்பும் தூக்கலாம்."

"அப்படியா? சரி, நாளைலருந்து அனுப்பல. புதுசா எங்க கெடைக்குதோ அங்க வாங்கிக்கச் சொல்லுங்க."

"ஐயோ, இல்ல இல்ல. வயசானவங்க, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க." மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே."

"நான் எதையும் மனசுல வெச்சுக்குறதில்ல. எடமில்ல" என்றாள் உம்சின்.

ஓடையில் பனி உருகி நீர் ஏறியிருந்தது. செங்கிஸ்கானின் வம்சம் பூட்ஸைக் கழற்றி ஒரு கையிலும் வெண்ணெய் மூட்டையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, கல் கல்லாகப் பார்த்துக் கால் வைத்துப் போனது. அவள் அது அக்கரை சேரும் வரை நின்று பார்க்கவில்லை. ஒரு பெண் குதிரை குட்டி போடும் நேரம். கையை முழங்கை வரை வழித்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.